வீட்டிலேயே ஓர் ஆர்.எக்ஸ். 100: பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கைச் சீர்செய்வதும் மாற்றியமைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்திலோ கார் நிறுத்துமிடத்திலோ வைத்துப் பிரித்து, தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ள நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஜாவா, யெஸ்டி, சுசுகி சாமுராய், ஷோகன் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இத்தனை பழைய வண்டிகள் இருக்க, ஏன் ஆர்.எக்ஸ். 100?

வீட்டில் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நேர்மையான இன்ஜின் கிடைப்பது அரிது. 1985 நவம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1996-இல் உற்பத்தி நின்றது. 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 98 சி.சி., நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன், நான்கு கியர். நூறு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடைக்கு அந்தத் திறன் அன்று பெரிய விஷயம். ஓட்டியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

டூ-ஸ்ட்ரோக் என்பதால் (பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கும்போதே ஒரு சுழற்சி முடியும்) இன்ஜின் தலையில் வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் என்ற மூன்றும்தான் அசைபவை. கார்புரேட்டருக்கும் கிராங்க் கேஸுக்கும் (கிராங்க் சுழலும் கூட்டுக்கும்) நடுவே ஒரு ரீடு வால்வு, மெல்லிய இதழ்களைத் திறந்து மூடி, உள்ளே போன பெட்ரோல்-காற்றுக் கலவை திரும்பி வராமல் தடுக்கிறது. முழு இன்ஜினையும் ஒருவரே தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். இவ்வளவு எளிமையாக இருப்பதால், எங்கே தவறு நடந்தாலும் அதன் தடயம் பிஸ்டனிலும் பிளக்கிலும் வெளிப்படையாகத் தெரியும்.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் ஆர்.சி. புத்தகம். ஹேண்டில் கழுத்துப் பகுதியில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணும், கிராங்க் கேஸில் குத்தியிருக்கும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஆர்.எக்ஸ். 100 எண்கள் 1எல்1 என்று தொடங்கும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தாலோ, எழுத்துகள் கோணலாக இருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்து, எதை மாற்ற முடியாதோ அதைப் பாருங்கள். பிஸ்டன், பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கிராங்க் கேஸில் விரிசலும் வெல்டிங்கும் இருந்தால், சிலிண்டரின் துடுப்புகள் உடைந்திருந்தால், வண்டியின் ஃப்ரேமின் பின்பகுதியை யாரேனும் அறுத்திருந்தால், அவற்றுக்கு மாற்று கிடைப்பது கடினம். ஓடாத வண்டி, ஆனால் எல்லா உறுப்பும் அசலாக இருக்கும் வண்டி. ஓடுகிற வண்டி, ஆனால் பாதி உறுப்புகள் வேறு எதிலிருந்தோ வந்த வண்டி – இரண்டில் முதலாவதையே எடுங்கள். சைடு பாக்ஸ் மூடி, ஆயில் டேங்க், மீட்டர் போன்ற சிறு சாமான்களுக்காக அலைவதில் போகும் நேரம் இன்ஜின் வேலைக்குப் போகும் நேரத்தைவிட அதிகம். சென்னைக்காரர்களுக்குப் பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற ஊர்களில் பழைய மெக்கானிக் ஒருவரின் பரண்தான் துணை.

வண்டியை மாற்றியமைப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நடைமுறையில் இதற்குப் பொருள்: தேய்ந்ததைப் புதுப்பிப்பதிலும், நிறுவனம் அனுமதித்த மறு அளவு (சற்றே பெரிய) பிஸ்டன் போடுவதிலும் சிக்கல் இல்லை. நிறம் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஃப்ரேமை அறுப்பது, வேறு கொள்ளளவு இன்ஜின் பொருத்துவது, சத்தம் போடும் சைலன்சர் மாட்டுவது ஆகியவை சாலைக்கு ஆகாது. இந்தப் பக்கத்தில் போர்ட்டிங் (சிலிண்டர் துவாரங்களை அரைத்து மாற்றுவது), பந்தய சைலன்சர் பற்றி எழுதியிருப்பது பந்தயத் தடத்துக்கான வண்டிகளை மனத்தில் வைத்துத்தான்.

என் வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாமா?

2021-இல் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருந்தால்தான் விண்டேஜ். ஆகவே எந்த ஆர்.எக்ஸ். 100-க்கும் இன்னும் அந்த வயது ஆகவில்லை. 1960களின் ஜாவா வைத்திருந்தால் முடியும்; புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அதைப் பயன்படுத்த முடியாது, ஃப்ரேமையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கவும் கூடாது. மற்றவர்கள் 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வழக்கமான பதிவுப் புதுப்பித்தலைச் செய்துகொண்டு போக வேண்டியதுதான்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

சாதாரண ஸ்பேனர், சாக்கெட் செட் போக, நான்கு சாமான்கள் இல்லாமல் தொடங்காதீர்கள். மேக்னெட்டை (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரத்தை) கழற்ற அதற்குரிய புல்லர்; சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் வளையும். கேஸ் ஸ்குரூக்களுக்கு இம்பாக்ட் டிரைவர். ஜப்பானிய நட்சத்திரத் தலை ஸ்குரூக்கள் சாதாரண ஸ்குரூ டிரைவரில் வழுக்கி வீணாகும். கிளட்ச் நட்டைக் கழற்றும்போது கிளட்சைப் பிடித்துக்கொள்ள ஹோல்டர். அளவெடுக்க வெர்னியரும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் தகடுகள்). பணம் இருந்தால் டார்க் ரெஞ்சு ஒன்று வாங்குங்கள். அலுமினிய மரைகளைக் கைப்பலத்தை நம்பி இறுக்குவதால் கெடுகிற இன்ஜின் கேஸ்கள் மிக அதிகம்.

போரிங் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது), ஹோனிங் (அதன் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது), கிராங்க் பிரஸ் (கிராங்க்கைப் பிரித்துப் பூட்டுவது) வேலை மூன்றையும் லேத் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவற்றை வீட்டில் செய்ய முயல வேண்டாம்.

எந்த மாற்றத்தை முதலில் செய்வது?

எதையும் செய்யாதீர்கள். வண்டி கம்பெனி நிலைக்கு வரட்டும். ஓட்டிப் பாருங்கள். அதன்பின் எது போதவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘இழுவை போதவில்லை’ என்று போர்ட்டிங் செய்யக் கொண்டுவரப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவை போர்ட்டிங் அல்ல. இருந்த 11 குதிரைகளில் நாலைந்து எங்கோ தொலைந்திருக்கும். சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கும், ரீடு இதழ் ஓரத்தில் உடைந்திருக்கும், ஆயில் சீல் காய்ந்திருக்கும், கிளட்ச் வழுக்கும். இவை எல்லாவற்றையும் சரிசெய்த வண்டியை முதல்முறை ஓட்டுகிறவர் வேறு மாற்றம் கேட்பதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. சிலிண்டரை அரைத்தால் அரைத்ததுதான். ஃப்ரேமை அறுத்தால் அறுத்ததுதான். 1996-இலேயே உற்பத்தி நின்றுபோன வண்டியில், இருக்கிற அசல் வார்ப்புகள் குறைந்துகொண்டே வருகின்றன. மாற்றிப் பார்க்க ஆசையிருந்தால் இன்னொரு சிலிண்டர் வாங்கி அதில் செய்யுங்கள். அசலை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் மாற்றமே நல்ல மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

காற்றுக் கசிவு என்று எல்லா மெக்கானிக்கும் சொல்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸும் ஒரு பம்பு. பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கலவையை இழுக்கிறது. கீழே வரும்போது அதையே அழுத்தி மேலே அனுப்புகிறது. எங்கேனும் ஒரு மயிரிழைக் கசிவு இருந்தால், அந்த வழியாக வெறும் காற்றும் உள்ளே வரும். கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும் (சீஸ் ஆகும்). புது பிஸ்டன் போட்டு ஒரே மாதத்தில் மீண்டும் சீஸ் ஆகிற வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைப்பம்பும் முள் மீட்டரும் உள்ள, ரத்த அழுத்தம் பார்க்கும் சாதாரணக் கருவி போதும். பயனற்றுப்போன பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, அந்த இரும்புக் கூட்டில் ஒரு சிறு செப்புக்குழாயைப் பற்றவைத்தால் இணைப்பு தயார். கார்புரேட்டரைக் கழற்றி, மேனிஃபோல்டு ரப்பருக்குள் ஒரு நைலான் கட்டையைச் செருகிக் கிளிப்பை இறுக்குங்கள். சைலன்சர் வாயை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாயின் வழியையும் அடையுங்கள். எல்லாத் துவாரங்களும் ஒன்றோடொன்று திறந்திருக்கும்படி பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, முள் 300-ஐத் தொடும்வரை காற்றடியுங்கள். மருத்துவருக்கு அது 300 மி.மீ. பாதரசம், மெக்கானிக்கின் கணக்கில் ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. இதற்கு மேல் போக வேண்டாம், சீல்கள் நழுவிவிடும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் முள் 50 மி.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டே போங்கள்: ஹெட் பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங், ரீடு பிளாக், கேஸ் இணைப்புக் கோடு. மேக்னெட்டைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் இடதுபக்கச் சீலிலும் தடவுங்கள். குமிழ் வருகிற இடம்தான் குற்றவாளி. வெளியே எங்கும் குமிழ் இல்லாமல் முள் மட்டும் இறங்கினால், கியர் ஆயில் ஊற்றும் துளையின் வாயில் சோப்புப் படலம் பூசிப் பாருங்கள். அங்கே படலம் மெல்ல உப்பினால், கிளட்ச் பக்கச் சீல் போய்விட்டது. அந்தச் சீல் போன வண்டி கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும். ஆயில் அளவு காரணமே தெரியாமல் குறையும்.

இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒருமுறை, பூட்டிய பின் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வேறு எந்த வேலையைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

ரீபோர் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு போரிங் செய்யக் கொடுங்கள். பட்டறைக்காரர் அந்தப் பிஸ்டனை அளந்து, அதற்கேற்ப போரிங் செய்ய வேண்டும். 0.25 மி.மீ. படிகளாக மறு அளவுகள் உண்டு; 1 மி.மீ. கூடும்போது 98 சி.சி. சுமார் 102 ஆகும், அவ்வளவுதான். எடுத்த எடுப்பில் பெரிய அளவுக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு படியும் சிலிண்டரின் மிச்ச ஆயுள்.

சிலிண்டர் திரும்பி வந்ததும் போர்ட்டுகளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கத்திபோல் கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். மெல்லிய அரத்தாலும் உப்புத்தாளாலும் விளிம்புகளை மழுக்குங்கள். இதைப் பல பட்டறைகளில் கேட்டால்தான் செய்து தருவார்கள். பிறகு வெந்நீரும் சோப்பும் விட்டு, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாத வரை கழுவுங்கள். பெட்ரோலால் கழுவினால் ஹோனிங் துகள் முழுதாகப் போகாது. கழுவியதும் உடனே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் பூசாவிட்டால் துரு பிடிக்கும்.

பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் முனைகள் அவற்றுக்குரிய முளையில் உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்லிப் (வளையக் கிளிப்) எப்போதும் புதிதாக இருக்கட்டும். மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்த சர்க்லிப்பை எடுக்க இன்ஜினையே பிளக்க வேண்டியிருக்கும்.

கிராங்க்கை எப்போது தொட வேண்டும்?

கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்போது. பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. புது ராடு செட் போட்டபின், கிராங்க்கின் இரு முனைகளும் நேராகச் சுழல்கின்றனவா என்று டயல் கேஜில் பார்த்துத் தரும் பட்டறையில் மட்டும் கொடுங்கள். 0.03 மி.மீ. வரை விலகல் இருக்கலாம். கண்ணால் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்பவரிடம் வேண்டாம். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இந்த வேலைக்குத் தேர்ந்த கைகள் அங்கே அதிகம்.

போர்ட்டிங் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் எப்போது திறந்து எப்போது மூடுகின்றன என்பதை மாற்றுவதுதான். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் (புகை வெளியேறும் துவாரத்தின்) மேல்விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினால், அது திறந்திருக்கும் காலம், கிராங்க் சுழலும் கோணக் கணக்கில், ஏறக்குறைய 4 முதல் 5 டிகிரி கூடும். உச்சத் திறன் மேல் சுற்றுகளுக்கு நகரும். அதற்கு விலையாக, கீழ்ச் சுற்றுகளில் இழுவை குறையும். ஊருக்குள் இரண்டாம் கியரில் போய்வருகிறவருக்கு இந்தப் பேரம் நட்டம். நீண்ட நேர்த்தடத்தில் ஓடும் பந்தய வண்டிக்கு லாபம்.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தபிறகும், சிறிய டூ-ஸ்ட்ரோக்குகளை ஓடவைத்தவர்கள் டிகிரி வட்டை (கோண அளவு குறித்த தட்டை) கிராங்க்கில் மாட்டி, அளந்து, எழுதிவைத்துக்கொண்டு அரைத்தார்கள். இன்று கைக் கிரைண்டரை மட்டும் நம்பி ‘போர்ட்டிங் செய்து தருகிறேன்’ என்பவரிடம், எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரிக்கு மாற்றப்போகிறார் என்று கேளுங்கள். எண் சொல்லாவிட்டால் சிலிண்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் அச்சமின்றிச் செய்யக்கூடியது ஒன்றுண்டு: டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகள் (கிராங்க் கேஸிலிருந்து கலவை மேலேறும் வழிகள்), அடி பேக்கிங், கிராங்க் கேஸ் வாய் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் பொருந்தும்படி படிகளைத் தேய்த்து விடுவது. உயரங்களைத் தொடாமல், கலவையின் வழியைச் சீராக்கும் வேலை இது. பொறுமை வேண்டும், ஆபத்து குறைவு.

நடுவில் உப்பிய அந்தச் சைலன்சருக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

டூ-ஸ்ட்ரோக் வரலாற்றின் ஆகச் சிறந்த கதை இதற்குள் இருக்கிறது. 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர், எக்ஸாஸ்ட் குழாய்க்குள் ஓடும் அழுத்த அலைகளை வேலை வாங்கக் கற்றார். குழாய் விரியும் பகுதி, சிலிண்டரிலிருந்து எரிந்த வாயுவை உறிஞ்சி இழுக்கும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை, போர்ட் மூடும் கடைசி நொடியில், தப்பி வெளியே வந்த புதுக் கலவையை மீண்டும் உள்ளே தள்ளிவிடும். 1961-இல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. அவர் அறிந்துவைத்திருந்தவை சுசுகிக்குப் போய்ச் சேர்ந்தன. 1962-இல் சுசுகி வண்டியில் 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார்.

நீளக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எக்ஸாஸ்ட் 180 டிகிரி திறந்திருக்கிறது, உச்சத்திறன் 8,000 சுற்றில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அரைச் சுற்றுக்கு ஆகும் நேரம் 0.00375 வினாடி. சூடான வாயுவில் அலை வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் ஓடும். அந்த நேரத்தில் போய்த் திரும்ப 1.875 மீட்டர், ஆகவே போர்ட்டிலிருந்து அலை திரும்பும் இடம்வரை சுமார் 94 செ.மீ. சுற்று கூடக்கூட நீளம் குறையும். இதனால்தான் ஒரு போர்ட்டிங்குக்கு அமைத்த சைலன்சர் இன்னொன்றுக்கு ஒத்துவராது. கடையில் பளபளப்பாகத் தொங்குவதை எந்தக் கணக்கும் இல்லாமல் மாட்டினால் சத்தம் மட்டுமே கூடும்.

சாலை வண்டிக்கு? கம்பெனி சைலன்சரே போதும். அதன் உள்குழாயை வெளியே இழுத்து, கரியைச் சுரண்டி எரித்துச் சுத்தம் செய்யுங்கள். இந்த ஒரு வேலையிலேயே வண்டி மூச்சு விடுவது தெரியும்.

கார்புரேட்டரை எப்படிச் சரிசெய்வது?

ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கலவையை எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை தீர்மானிப்பவை பைலட் ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைத் திருகு) காற்று ஸ்குரூவும். அங்கிருந்து கால்வரை ஸ்லைடின் (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் கதவின்) வெட்டு. கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். வண்டி எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று டேப்பைப் பார்த்தாலே எந்தப் பகுதியைத் தொட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எப்போதும் பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிச் சிறியதை நோக்கி இறங்குங்கள். கலவை கெட்டியாக இருந்தால் பிளக் கறுக்கும், வண்டி திணறும், அது பிழைத்துக்கொள்ளும். கலவை மெலிந்தால் சற்று நேரம் மிக நன்றாக ஓடும், பிறகு பிஸ்டன் உருகும். ஏர் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் இந்த இரண்டாவதைத்தான் தேடிப்போகிறார்கள்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் இந்த இன்ஜினைக் கெடுக்குமா?

கவனித்துக்கொண்டால் ஓட்டலாம். எத்தனால் எரியக் குறைவான காற்றே போதும். எனவே பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை 7, 8 சதவீதம் மெலிந்துவிடுகிறது. மெயின் ஜெட்டை ஓரிரு படி பெரிதாக்கிப் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். பழைய பெட்ரோல் குழாய், மிதவை ஊசியின் ரப்பர் நுனி, பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் வாஷர்கள் ஊறி இளகும். எத்தனாலைத் தாங்கும் புதியவற்றைப் போட்டுவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கில் வாரக்கணக்கில் தேங்க விடாதீர்கள்.

ஆயில் பம்பை எடுத்துவிட்டு, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டலாமா?

பலர் செய்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. யமஹாவின் ஆட்டோலூப் பம்பு, இன்ஜின் சுற்றுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைக்கிறது. கலந்து ஓட்டும் வண்டியில் ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் நிற்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், ஆக்ஸிலேட்டரை மூடி இன்ஜின் பிடியிலேயே இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுழலும். ஆனால் ஆயில் வராது. பம்பு இருக்கும் வண்டிக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் கிடைக்கும்.

பம்பு கெடுவது அரிது. அதன் கேபிள் இழுபட்டுத் தளர்வதும், குழாயில் காற்று சேர்வதும்தான் வழக்கம். கப்பியிலுள்ள குறியைச் சரிபார்த்து, காற்று நீக்கும் ஸ்குரூவைத் திறந்து குமிழ் நிற்கும்வரை விட்டால் போதும். கலந்தே ஆக வேண்டும் என்றால் லிட்டருக்கு 30 மி.லி. அளவில் தொடங்குங்கள், ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எஃப்.சி. அல்லது எஃப்.டி. தர ஆயிலைப் பயன்படுத்துங்கள், மலை இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகிவிடுங்கள்.

ஆர்.எக்ஸ். 135 சிலிண்டரைப் பொருத்தலாமா?

ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 50 மி.மீ.தான், போர் மட்டும் 58. அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஆர்.சி.யில் 98 சி.சி. என்று இருக்கும். சாலையில் அது குற்றம். 135 வேண்டுமென்றால் 135 வண்டியையே வாங்குங்கள்.

பிரேக் போதுமா?

முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம். கம்பெனி நிலையில் இருக்கும் வண்டிக்குப் போதும், அதுவும் எல்லாம் ஒழுங்காக இருந்தால். டிரம் முட்டைவடிவமாகத் தேய்ந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சரிசெய்யுங்கள். கேபிளைப் புதிதாக்குங்கள். கேம் முள்ளில் கிரீஸ் தடவுங்கள். ஸ்விங் ஆர்ம் புஷ், ஸ்டியரிங் கோன் செட், ஃபோர்க் ஆயில் மூன்றையும் இதே சமயத்தில் முடித்துவிடுங்கள். இன்ஜினில் செலவழிக்கும் முன் இங்கே செலவழிப்பதுதான் முறை. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

டேங்க் துருவுக்கு என்ன வழி?

வினிகரை நிரப்பி ஓரிரு நாள் வைத்து, சோடா உப்புக் கரைசலால் கழுவி, உடனே உலர்த்தி, உட்புறம் லேசாக ஆயில் பூசுங்கள். ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டிங் வைக்க வேண்டாம். பெட்ரோல் காலியாகி ஆண்டுகள் ஆன டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும், அது வெடிக்கும். அந்த வேலையை அறிந்த டிங்கரிங் கடையில் கொடுங்கள்.

புகைச் சோதனையில் தேறுமா?

தேறும். 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 9,000 பி.பி.எம்.மும் வரம்பு. நல்ல பிஸ்டன், சரியான ஜெட், சுத்தமான சைலன்சர் உள்ள வண்டி அதற்குள் நிற்கும். டூ-ஸ்ட்ரோக்கில் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. அது இந்த வகை இன்ஜினின் பிறவிக் குறை. பின்னால் வருபவர் மூக்கைப் பொத்தும் அளவுக்குப் புகை விட்டுக்கொண்டு ஓட்டுவதற்கு அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. அந்த அளவு புகை வந்தால் வண்டியில் கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள்.

புது பிஸ்டன் போட்டபின் எப்படி ஓட்டுவது?

முதல் நாள் இரண்டு மூன்று முறை ஸ்டார்ட் செய்து, ஹெட் சூடானதும் நிறுத்தி, முழுக்க ஆறவிடுங்கள். பிறகு ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக மீண்டும் இறுக்குங்கள். முதல் 500 கி.மீ. வரை அரை ஆக்ஸிலேட்டருக்கு மேல் நீண்ட நேரம் பிடிக்காதீர்கள். அதேசமயம் மேல் கியரில் திணறடிக்கவும் வேண்டாம். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இடது கை விரல்கள் எப்போதும் கிளட்ச்சின் மேல் இருக்கட்டும். இன்ஜின் பிடிப்பதற்குச் சற்று முன் சத்தம் மந்தமாகி, வண்டி யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் தயங்கும். அந்தக் கணத்தில் கிளட்சைப் பிடித்துவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாது.

ஆறு மாதம் வெளியூர் போகிறேன். வண்டியை எப்படி விட்டுப்போவது?

பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். டேங்கை முழுக்கக் காலி செய்து உட்புறம் ஆயில் பூசுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் ஊற்றி, கிக்கரைக் கையால் மெல்ல ஐந்தாறு முறை அழுத்திவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய நிலையில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயில் எண்ணெய்த் துணி திணியுங்கள். திரும்பி வந்ததும் அதை எடுக்க மறக்காமலிருக்க, ஹேண்டிலில் ஒரு சீட்டு கட்டிவையுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, மூச்சு விடும் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கி, குரோம் முழுவதும் புள்ளி விழும்.